நேர்ல வந்தாத்தானுங்க நம்புவேன்

ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டு மணி அடித்தது. பக்கத்து வீட்டு ஃப்ராவ் பிரான்ட், நம் பாஷையில் திருமதி பிரான்ட், நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கிழிந்த காகிதத் துண்டு. முந்தைய நாள் எனக்கு வந்த பார்சல் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த விலாசச் சீட்டு அது. வழியில் கிடந்த கம்மலைக் கண்டெடுத்துத் திருப்பிக் கொடுப்பவரைப் போல, அதை இரண்டு கைகளாலும் நீட்டினார். ஜெர்மனியில் யாராவது குப்பையோடு வாசலில் வந்து நின்றால் திட்டு விழப்போகிறது என்று அர்த்தம். தவறான தொட்டியில் போட்டுவிட்டேனோ என்று பயந்து, கேட்கும் முன்னரே மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "இல்லை, இல்லை. உங்கள் பெயர் இருக்கிறது. விலாசம் இருக்கிறது. வெளியே கிடந்தது!" என்றார் ரகசியக் குரலில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலாசம் வெளியே கிடந்தால் என்ன, வீடே வெளியேதானே இருக்கிறது! காப்பி குடிக்க வாருங்கள் என்றேன். எனக்கு விளங்கவில்லை என்று முடிவுசெய்து, அவர் தன் வீட்டுக்குப் போய் ஒரு சின்ன உருளை முத்திரையை எடுத்து வந்தார். காகிதத்தின் மேல் ஒரு தரம் உருட்டினார். கறுப்பு எழுத்துக் குவியலுக்குள் என் பெயர் காணாமல் போனது. "டாட்டன்ஷுட்ஸ்" என்றார். நம் விவரங்களை நாமே காப்பாற்றிக்கொள்வதற்கு இந்த ஊரில் சொல்லும் மந்திரம் அது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் கட்டடத்து வாசலில் அழைப்பு மணிகளின் பக்கத்தில் குடியிருப்பவர் அத்தனை பேருடைய குடும்பப் பெயரும் பளிச்சென்று எழுதியிருக்கிறது. அது மட்டும் பரவாயில்லையா என்று கேட்டேன். "தபால்காரருக்குத் தெரிய வேண்டுமே!" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். என் மணியில் இருப்பது பழனிச்சாமி. அது என் அப்பாவின் பெயர். இந்த நாட்டில் சுமதி என்று என்னை அழைக்கிறவர்கள் குறைவு. வங்கி, ஆஸ்பத்திரி, பக்கத்து வீடு எல்லோருக்கும் நான் ஃப்ராவ் பழனிச்சாமி. அப்பா உயிரோடு இருந்து இங்கே வந்திருந்தால், யார் கூப்பிட்டாலும் "ஏனுங்க?" என்று அவரே எட்டிப் பார்த்திருப்பார்.

எங்கள் ஊர் கிணத்துக்கடவு. நம் பக்கத்தில் விவரத்தை மறைப்பது என்பது மரியாதைக் குறைவு. கோயம்புத்தூர் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி உட்கார்ந்தால், ஒத்தக்கால்மண்டபம் வருவதற்குள் பக்கத்து சீட்டு அம்மா என்னைப் பற்றிய எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருப்பார். "எந்த ஊருங்க அம்மணி? யாரு ஊடு? எந்தத் தோட்டம்? அம்மாவுக்குப் பொறந்த ஊடு எங்கெ?" சொன்னால் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் வரும். சொல்லாவிட்டால், "என்னமோ மறைக்கறா" என்று முகம் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். இதே கேள்விகளை இங்கே வங்கிக்காரர்கள் கேட்கிறார்கள், நான் நான்தானா என்று உறுதிசெய்ய. அம்மா பிறந்த ஊர் உலகத்தில் எனக்கு மட்டுமே தெரிந்த பரம ரகசியம் என்று பாவம் அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ரகசியம் எத்தனை வீட்டு மேசை டிராயரில் கிடக்கிறது என்று எனக்கல்லவா தெரியும்? எனக்குக் கல்யாண வயது வந்ததும் அம்மா டிடிபி கடையில் ஜாதகம் தட்டச்சு செய்யக் கொடுத்தார். நான் பிறந்த தேதி, கிழமை, நிமிடம் வரைக்கும் நேரம், பிறந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊர், அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் அப்பா பெயர், படிப்பு, சம்பளம், வீட்டு விலாசம், கைபேசி எண், தென்னந்தோப்பு எத்தனை ஏக்கர் என்பது வரை அதில் இருந்தது. மேலே பிள்ளையார் சுழி, மூலையில் நான் பட்டுச் சேலையில் நிற்கும் படம். தரகர் அதைத் தன் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தக் குழுவில் இருந்தவர்கள் வேறு குழுக்களில் போட்டார்கள். நான் ஜெர்மனிக்கு வந்த பிறகு தரகருக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. "பொண்ணு ஜெர்மனியில இருக்குதுன்னா டூப்புன்னு நெனச்சுப்போடுவாங்க அம்மணி. ஆதாரையும் சேத்து அனுப்பிப்போடலாமுங்க" என்றாராம். அம்மாவும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். பெண் போலி இல்லை என்று நிரூபிக்கப்போய், என்னைப் போலவே இன்னொருத்தியைச் செய்துகொள்ளத் தேவையான அத்தனை சாமான்களையும் ஊர் முழுக்க விநியோகித்திருக்கிறோம். மாப்பிள்ளை மட்டும் வந்தபாடில்லை.

போன முறை ஊருக்குப் போனபோது இதைச் சொல்லி அம்மாவைப் பயமுறுத்தினேன். தெரியாத எண்ணிலிருந்து நானே கூப்பிட்டாலும் நம்பக் கூடாது. குரலை இப்போதெல்லாம் இயந்திரமே செய்கிறது. வீடியோவில் முகத்தைக்கூடச் செய்கிறார்கள். கைபேசிக்கு வரும் ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு பெரிய பிரசங்கமே நடத்தினேன். அம்மா கொள்ளு புடைத்துக்கொண்டே கேட்டார். அதைப் பார்த்துத்தான் எங்களுக்குள் ஒரு சங்கேதச் சொல்லும் வைத்தேன். அவசரத்தில் நான் கூப்பிட்டால் முதலில் "கொள்ளுப்பருப்பு" என்பேன், அப்போதுதான் நம்ப வேண்டும் என்றேன். அம்மாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. விமானம் ஏறும்போது, அம்மாவைப் பூட்டுப் போட்டுப் பத்திரமாக விட்டுவிட்டு வருகிற நிம்மதி எனக்கு.

இங்கே ஒரு பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கோயம்புத்தூர்க்காரி வேறெங்கே போவாள்? இந்திய சிம் கார்டு ஒரு பழைய கைபேசியில், என் கைப்பையில் கிடக்கும். அம்மாவோடு பேசும் வாட்ஸ்அப் அந்த எண்ணில்தான். ஃப்ராவ் பிரான்ட் சீட்டு கொண்டுவந்து தந்த இரண்டொரு வாரத்தில், வேலை நேரத்தில் அந்தக் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. ரீசார்ஜ் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப் என்னை வெளியே தள்ளியது. இந்த எண் வேறொரு கைபேசியில் பதிவாகிவிட்டதாம். எங்கோ ஒரு கடையில் என் ஆதார் நகலைக் காட்டி, சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி, என் எண்ணுக்கு யாரோ மாற்று சிம் வாங்கிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் கூடுதலாக ஆறிலக்க ரகசிய எண் போட்டு வைத்திருந்தால் அதையாவது தடுத்திருக்கலாம். ஆபீஸில் எல்லோருக்கும் அதைப் போடச் சொன்னவள் நான்தான். ஊருக்குத்தானே உபதேசம்!

இனி அந்த ஆள் என் எண்ணிலிருந்து, என் படத்தோடு அம்மாவிடம் பேசலாம். தோப்பு வருமானம் அத்தனையும் அம்மா பெயரும் என் பெயரும் சேர்ந்த ஒரே கணக்கில்தான் இருக்கிறது. அதற்கான ஓடிபி அம்மாவின் கைபேசிக்கு வரும். "அம்மா, ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்று நான் கேட்டால் அம்மா சொல்லிவிடுவார். கேட்பது நானில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆபீஸ் தொலைபேசியை எடுத்து, மனப்பாடமாகத் தெரிந்த அம்மாவின் எண்ணை அழுத்தினேன்.

"அலோ, யாருங்க?"

"அம்மா, நாந்தானுங்க, சுமதி. என்ற நம்பரை எவனோ திருடிப்போட்டான். அதுலிருந்து என்ன வந்தாலும் நம்பாதீங்க."

அம்மா நிதானமாகக் கேட்டார். "நீங்க யாருங்க?"

பிறந்ததிலிருந்து அம்மா என்னைக் கண்ணு என்பார், அம்மணி என்பார், கோபம் வந்தால் கழுதை என்பார். நீங்க என்று சொன்னதே இல்லை. கொங்கு மரியாதை இவ்வளவு குளிரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அய்யோ அம்மா! ஆவணி மாசம், அனுஷ நட்சத்திரம், பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில பொறந்தேன். உங்களுக்குப் பொறந்த ஊடு தாராபுரம். போதுங்களா?"

"அதெல்லாம் சாதகத்துல இருக்குதுங்க. அது போகாத ஊடே இல்லீங்க."

"கொள்ளுப்பருப்பு! அம்மா, கொள்ளுப்பருப்பு!"

"அது ஊருக்கே தெரியுமுங்க. என்ற பொண்ணு எப்படி ரோசனை பண்ணி வெச்சிருக்கறா பாருங்கன்னு, பால் ஊத்தற எடத்துல நாந்தான் சொல்லிப்போட்டேன்."

"சரி, வீடியோவுல வாரேன். மூஞ்சியப் பாருங்க."

"மூஞ்சியும் மிசினு செய்யுதாமுங்க. என்ற பொண்ணு சொன்னா. அவ படிச்சவ."

"அப்பறம் நான் என்னதானுங்க பண்றது? என்ன செஞ்சா நம்புவீங்க?"

"நேர்ல வாங்க. நேர்ல வந்தாத்தானுங்க நம்புவேன்" என்று சொல்லிவிட்டு, "வெச்சர்றனுங்க" என்று ரொம்ப மரியாதையாக வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பக்கத்து மேசை மார்ட்டின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டான். "என் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை" என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில். அவன் முகம் வாடிவிட்டது. எழுந்து வந்து என் தோளில் கைவைத்து, தன் பாட்டிக்கும் இப்படித்தான் மறதியில் ஆரம்பித்தது என்றான். இல்லை, அம்மாவுக்கு ஞாபகம் மிக நன்றாக இருக்கிறது, அதுதான் பிரச்சனை என்றேன். சோகத்தில் உளறுகிறேன் என்று நினைத்துக்கொண்டான் போல. மறுநாள் என் மேசையில் ஒரு ஆப்பிள் கேக்கும், மறதி நோயாளிகளின் குடும்பத்தாருக்கான கையேடு ஒன்றும் இருந்தன. கேக் நன்றாக இருந்தது.

அன்றைக்கே வங்கிக்குப் பேசினேன். பிறந்த தேதி, அம்மா பெயர், பிறந்த ஊர் என்று அவர்களும் ஜாதகத்தையே கேட்டார்கள். திருடனுக்கும் தெரிந்த பதில்களைத்தானே சொல்கிறோம் என்று எனக்கே கூச்சமாக இருந்தது. நல்லவேளையாகக் கணக்கை முடக்கிவிட்டார்கள். திறக்க வேண்டுமானால் நேரில் வர வேண்டுமாம். சிம் கம்பெனியும் அந்த எண்ணை நிறுத்தியது. திரும்பப் பெற வேண்டுமானால் நேரில் வந்து விரல் வைக்க வேண்டுமாம்; திருடனுக்கு மட்டும் நகலே போதுமாயிருந்தது. சைபர் போலீசில் இணையத்தில் புகார் எழுதினேன். ஆனால் இதற்குள் திருடன் அம்மாவிடம் பேசிவிட்டானா, அம்மா ஏதாவது சொல்லிவிட்டாரா என்பதுதான் தெரியவில்லை. மாமன் மகன் செந்திலுக்குப் போன் செய்து, ஓடிப்போய்ப் பார் என்றேன். கோவில்பாளையத்திலிருந்து பைக்கில் போனான். அரைமணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். "அத்தை நல்லா இருக்கறாங்க. போனை அரிசி டப்பாவுல போட்டு மூடி வெச்சிருக்கறாங்க. நீ நெசமாலுமே கூப்ட்டேன்னு நான் சொன்னேன். 'உன்றகிட்டப் பேசுனது சுமதிதான்னு உனக்கெப்படிடா தெரியும்?'னு கேக்கறாங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. நீ சுமதிதானே?"

கணக்கும் பத்திரம், அம்மாவும் பத்திரம். ஆனால் அன்றிலிருந்து அம்மாவின் குரல் எனக்கு இல்லை. தினமும் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மாவிடம் பேசுவேன். என்ன குழம்பு, மழை உண்டா, தேங்காய் என்ன விலை, அவ்வளவுதான். அது நின்றுபோனதும்தான் அந்தப் பஸ் நிறுத்தம் எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது. என் பெயர், என் முகம், என் எண் எல்லாம் போனால்கூட வேறு வாங்கிக்கொள்ளலாம். பெற்றவளே யார் நீ என்று கேட்டுவிட்டால் எந்த ஆபீஸில் போய் மனுக் கொடுப்பது? எனக்கு அழுகை வந்தது, சொல்வதில் வெட்கமில்லை. விடுப்புக் கேட்டேன். மார்ட்டின் ஏற்கனவே மேலாளரிடம் உருகி உருகிச் சொல்லியிருந்தபடியால் உடனே கிடைத்தது. வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போனபோது ஃப்ராவ் பிரான்ட்டிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் கண் விரிந்தது. "உங்கள் அம்மா மிகச் சரியாகச் செய்திருக்கிறார்!" என்று சொல்லி, தன் உருளை முத்திரையையே எடுத்து அம்மாவுக்குப் பரிசாகக் கொடுத்தனுப்பினார்.

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் ஒரு இயந்திரம் என் முகத்தைப் பார்த்தது. கண் சிமிட்டும் நேரத்தில் நான் நான்தான் என்று கதவைத் திறந்துவிட்டது. அது என்னைச் சோறூட்டியா வளர்த்தது என்று நினைத்துக்கொண்டேன். கோவையில் இறங்கி, டாக்ஸி பிடித்து, பொள்ளாச்சி ரோட்டில் வீட்டு முன்னால் போய் நின்றபோது நல்ல வெயில். அம்மா தேங்காய் மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கேட்டுக்குப் பக்கத்தில் வந்தார், திறக்கவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க, யாரு வேணும்?"

"அம்மா, வெளையாடாதீங்க!"

"கையக் காட்டுங்க பாக்கலாம்" என்று சொல்லி, கேட்டின் கம்பி வழியாக என் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. "எளச்சுப்போட்டியே கண்ணு" என்றார்.

சாப்பாட்டுக்கு முன்னால் அம்மாவோடு ரோட்டோரக் கடைக்குப் போய் சிம்முக்கு விரல் வைத்தேன். இயந்திரம் என்னை ஏற்கவில்லை. ஜெர்மனிக் குளிரில் விரல் நுனி காய்ந்து கிடந்ததாம். கடைப் பெண், "எண்ணெய் தேச்ச தலையாங்க? அதுல கையத் தேச்சுப்போட்டு வைங்க" என்றாள். என் தலையில் எண்ணெய் ஏது? அம்மா தன் தலையைக் குனிந்து கொடுத்தார். அவர் கூந்தலில் கட்டைவிரலைத் தேய்த்து வைத்தேன். உடனே பச்சை விளக்கு எரிந்தது. வங்கி வேலை மறுநாள் முடிந்தது. திருடன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

அன்று கடையிலிருந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். கொள்ளுப்பருப்புதான். அம்மா அரிசி டப்பாவிலிருந்து கைபேசியை எடுத்துக் காட்டினார். நான் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் என் எண்ணிலிருந்து செய்தி வந்திருந்தது. அம்மா நலமா, சாப்பிட்டீர்களா, மூட்டுவலி எப்படி இருக்கிறது, ஒரு எண் வரும், அனுப்புங்கள்.

"உன்னையவிட நல்லாப் பேசறான்" என்றார் அம்மா. "நீ என்னைக்கு மூட்டுவலி கேட்டிருக்கறே?"

"சரி, அவனைக் கண்டுபுடிச்சீங்க. என்ற கொரலு தெரியலீங்களா அம்மா? நெசமாலுமே?"

"தெரியாம என்ன? நீ அம்மான்னு கூப்ட்ட ஒடனே தெரிஞ்சுபோச்சு."

வாய்க்குப் போன கை அப்படியே நின்றது. "அப்பறம் ஏனுங்க அப்படிப் பேசுனீங்க?"

"நேர்ல வான்னு நாஞ் சொன்னா நீ வருவியா? லீவு இல்லைம்பே. டிக்கெட் வெலைம்பே. அடுத்த வருசம்பே." அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றினார். "திருடன் வந்தான், நீயும் வந்துபோட்டே. அந்தத் திருடன் நல்லா இருக்கோணும் சாமி."

எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. இத்தனை நாள் என்னைத் தவிக்கவிட்டவர், எதிரே உட்கார்ந்து நிம்மதியாக ரசத்துக்குப் போய்விட்டார். அன்று நான் வழக்கத்தைவிட அதிகம் சாப்பிட்டேன்.

இருந்த நாட்களில் ஆதாரின் விரல்பதிவைப் பூட்டினேன். வாட்ஸ்அப்புக்கு ரகசிய எண் போட்டேன். இனி ஆதார் நகல் கொடுத்தால் முதல் எட்டு எண்களை மறைத்த நகல்தான், அதன் குறுக்கே இன்ன வேலைக்கு மட்டும் என்று எழுதித்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள், பொருத்தம் பார்க்க நட்சத்திரமும் ராசியும் போதும். ஃப்ராவ் பிரான்ட்டின் உருளை அம்மாவுக்கு விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. மீதமிருந்த ஜாதகப் பிரதிகளை எடுத்துப் போட்டு, என் பெயர், நட்சத்திரம், ராசி தவிர மற்றதன் மேலெல்லாம் உருட்டித் தள்ளினார். தரகர் வந்து பார்த்துவிட்டு நொந்துபோனார். "அம்மணி, எல்லாம் கறுப்பா இருந்தா மாப்பிள்ளை ஊட்டுல என்னத்தப் பாப்பாங்க?" அம்மா அசரவில்லை. "நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார்.

இப்போது மறுபடி ஜெர்மனியில், அதே பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். வாசலில் அப்பா பெயர், பையில் ஒரு புது உருளை. அம்மாவின் கைபேசியில் நான் இரண்டு பேர். இந்திய எண்ணுக்கு "சுமதி ஊடு", இங்கத்திய எண்ணுக்கு "சுமதி ஜெர்மனி". எந்த எண்ணிலிருந்து கூப்பிட்டாலும் அம்மா எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"எந்தச் சுமதிங்க பேசறது?"

"ரெண்டு பேருந்தானுங்க அம்மா."

"ரெண்டு பேரு அங்க எதுக்கு? வேலைக்கு ஒருத்திய உட்டுப்போட்டு, இன்னொருத்திய இங்கெ அனுப்பிச்சுடுங்க."

அதற்குள் பஸ் வந்துவிடுகிறது. இரண்டு பேரும் ஏறிக்கொள்கிறோம்.